எடை குறையும்வரை காத்திருக்கத்தான் வேண்டுமா?

கல்யாணமாகி நான்கைந்து ஆண்டாகியும் குழந்தை இல்லை. மாதவிலக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிறது, சில நேரம் நான்கு மாதம்கூடத் தள்ளிப்போகிறது. எடை 80 கிலோவைத் தாண்டிவிட்டது. இப்படி வரும் பெண்ணுக்கு மகப்பேறு மருத்துவர் எழுதித் தரும் சீட்டில் இன்று பெரும்பாலும் லெட்ரோசோல் என்ற பெயர் இருக்கும். 2.5 மில்லிகிராம் மாத்திரை, மாதவிலக்கு தொடங்கிய 2 அல்லது 3-ஆம் நாளிலிருந்து 5 நாளுக்கு. வீட்டுக்கு வந்து அட்டையில் உள்ள பெயரைக் கைபேசியில் தட்டிப் பார்த்தால், 'மார்பகப் புற்றுநோய் மருந்து' என்று வருகிறது. பதறிப்போய் மாத்திரையை ஒதுக்கிவைத்துவிடுகிறவர்கள் உண்டு. மருத்துவர் எதையோ மாற்றி எழுதிவிட்டார் என்று நினைப்பவர்களும் உண்டு.

அந்தத் தகவல் பொய்யில்லை. 1997-இல் அமெரிக்காவில் இந்த மருந்து அனுமதி பெற்றது, மாதவிலக்கு நின்றுபோன பெண்களின் மார்பகப் புற்றுநோய்க்காகத்தான். உடலில் ஈஸ்ட்ரோஜன் உருவாவதைத் தடுப்பது அதன் வேலை. குழந்தை வேண்டும் என்று வந்தவளுக்கு ஈஸ்ட்ரோஜனைக் குறைக்கும் மாத்திரையை ஏன் கொடுக்க வேண்டும்? இதற்கான விடை சினைப்பையில் மட்டும் இல்லை. இடுப்பிலும் தொடையிலும் வயிற்றிலும் சேர்ந்திருக்கும் கொழுப்பில் இருக்கிறது.

உண்ட உணவில் மிஞ்சியதைச் சேமித்துவைக்கும் கிடங்கு என்றுதான் கொழுப்பை நீண்டகாலம் மருத்துவ உலகமே நினைத்திருந்தது. அது ஹார்மோன் சுரக்கும் உறுப்பும்கூட. 1994-இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மேனின் குழு லெப்டின் என்ற ஹார்மோனைக் கண்டறிந்தபோது இந்த உண்மை பரவலாகத் தெரியவந்தது. லெப்டினைச் சுரப்பது கொழுப்புச் செல்கள்தான். அந்த ஹார்மோன் இல்லாமல் பிறக்கும் எலிகள் மிதமிஞ்சிப் பருத்துவிடுகின்றன, கூடவே மலடாகவும் இருக்கின்றன. லெப்டினை ஊசியாகப் போட்டதும் பெண் எலிகள் குட்டி போட்டன. பசியும் கருத்தரிப்பும் மூளையில் எவ்வளவு நெருங்கிக் கிடக்கின்றன என்பதை அந்த எலிகள் காட்டின.

ஆனால் நம் ஊர்ப் பெண்களின் சிக்கல் பெரும்பாலும் லெப்டின் இல்லாததால் வருவதல்ல. கொழுப்புத் திசுவில் அரோமடேஸ் என்றொரு நொதி இருக்கிறது. ஆண் தன்மையுள்ள ஆண்ட்ரோஜன் ஹார்மோன்களை அது ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. கொழுப்பு கூடக் கூட இந்த மாற்றமும் கூடுகிறது. சினைப்பை தன் கணக்குப்படி சுரப்பது ஒருபக்கம் இருக்க, யாரும் கேட்காமலே இன்னொரு பக்கத்திலிருந்து ஈஸ்ட்ரோஜன் வந்து கலந்துகொண்டே இருக்கிறது.

இதனால் என்ன கெடும் என்று புரிய, மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளலாம். தொட்டியில் மட்டம் இறங்கினால் மிதவை இறங்கும், மோட்டார் ஓடும். மட்டம் ஏறினால் மோட்டார் நிற்கும். மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பிதான் இங்கே மோட்டார். மாதவிலக்கு தொடங்கும் நாட்களில் ரத்தத்தில் ஈஸ்ட்ரோஜன் மட்டம் தாழ்ந்திருக்கும். அதை உணர்ந்து பிட்யூட்டரி எஃப்எஸ்எச் என்ற ஹார்மோனைக் கூட்டிவிடும். அதன் உந்துதலில் சினைப்பையில் உள்ள முட்டைப்பைகள் சில வளரத் தொடங்கும். அவற்றில் ஒன்று முந்திக்கொண்டு, தானே ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கும். மட்டம் ஏறியதும் எஃப்எஸ்எச் குறையும், பின்தங்கிய பைகள் சுருங்கிப்போகும். முந்திய பை மட்டும் முதிர்ந்து, ஈஸ்ட்ரோஜன் உச்சத்தைத் தொடும்போது எல்எச் என்ற இன்னொரு ஹார்மோன் அலைபோல எழும்பி முட்டையை வெளியேற்றும். உடைந்த பை அடுத்த இரண்டு வாரம் புரொஜெஸ்டிரோனைச் சுரக்கும். கரு தங்காவிட்டால் அதுவும் நின்றுபோகும், மாதவிலக்கு வரும்.

இப்போது அந்தத் தொட்டிக்குள் வேறெங்கிருந்தோ ஒரு குழாய் ஓயாமல் சொட்டிக்கொண்டிருந்தால்? மட்டம் ஒருபோதும் போதுமான அளவுக்கு இறங்காது. மோட்டார் அரைகுறையாக ஓடும். எஃப்எஸ்எச் தேவையான உயரத்தை எட்டாது. முட்டைப்பைகள் ஏழெட்டு மில்லிமீட்டர் வளர்ந்து, அதற்கு மேல் போகாமல் நின்றுவிடும். முட்டை வெளிவராத மாதத்தில் புரொஜெஸ்டிரோனும் இல்லை, ஒழுங்கான மாதவிலக்கும் இல்லை.

நீர்க்கட்டி என்று நாம் சொல்லும் பிசிஓஎஸ்ஸில் நடப்பதில் பாதி இது. ஸ்கேனில் சினைப்பையின் ஓரமாக முத்துமாலைபோல வரிசையாகத் தெரிபவை இப்படிப் பாதிவழியில் நின்ற முட்டைப்பைகள். 1935-இல் சிகாகோவில் ஸ்டீன், லெவென்தால் என்ற இரு மருத்துவர்கள் 7 பெண்களிடம் இதை விவரித்தார்கள். சினைப்பையில் ஆப்பு வடிவத்தில் ஒரு பகுதியை வெட்டியெடுத்தபோது அந்தப் பெண்களுக்கு மாதவிலக்கு திரும்பியது. அறுவை சிகிச்சைதான் தீர்வு என்ற எண்ணம் அங்கிருந்து வந்தது. "கட்டியை எடுத்துவிடுங்கள் டாக்டர்" என்று கேட்டுக்கொண்டு வரும் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. எடுப்பதற்கு அங்கே கட்டி எதுவும் இல்லை. வளர வேண்டிய முட்டைகள் இருக்கின்றன, அவற்றுக்குச் சரியான சமிக்ஞை போய்ச்சேரவில்லை. வேறு வழி பலிக்காத சிலருக்கு லேப்ராஸ்கோபி மூலம் சினைப்பையில் துளையிடுவது இப்போதும் செய்யப்படுகிறது. அதை முதல் படியாகச் செய்ய வேண்டியதில்லை.

மற்றொரு பாதி இன்சுலின். கழுத்தின் பின்புறமும் அக்குளிலும் தோல் தடித்து, வெல்வெட் துணிபோலக் கறுத்திருப்பதைப் பல இளம்பெண்களிடம் பார்க்கலாம். அழுக்கு என்று நினைத்து அம்மாக்கள் பீர்க்கங்காய் நார் போட்டுத் தேய்க்கிறார்கள், கடலைமாவு பூசுகிறார்கள். தேய்த்தால் போகாது. உடலில் இன்சுலின் சொல்பேச்சு எடுபடாமல், அதை ஈடுகட்டக் கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரப்பதன் வெளி அடையாளம் அது. தசையும் கல்லீரலும் இன்சுலினுக்குச் செவிகொடுக்க மறுத்தாலும் தோலும் சினைப்பையும் கேட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. மிகையான இன்சுலின் எல்எச்சுடன் சேர்ந்து சினைப்பையை ஆண்ட்ரோஜன் சுரக்கத் தூண்டுகிறது. அந்த ஆண்ட்ரோஜனை ரத்தத்தில் கட்டிப்போட்டு வைக்கும் ஒரு புரதத்தைக் கல்லீரல் உருவாக்கும். இன்சுலின் அதையும் குறைத்துவிடுகிறது. கட்டவிழ்ந்த ஆண்ட்ரோஜன் முகத்தில் முடியாகவும் பருவாகவும் தலைமுடி உதிர்வாகவும் வெளிப்படுகிறது. மிச்சமுள்ளது கொழுப்புத் திசுவுக்குப் போய் ஈஸ்ட்ரோஜனாகிறது. வட்டம் இப்படித்தான் முழுமையாகிறது.

ஒல்லியான பெண்களுக்கும் பிசிஓஎஸ் வரும். பருமனான எல்லாப் பெண்களுக்கும் பிசிஓஎஸ் இருப்பதில்லை. பிசிஓஎஸ் இல்லாமல் மாதவிலக்கு ஒழுங்காக வரும் பருமனான பெண்களிடமும் பிட்யூட்டரியிலிருந்து வரும் எல்எச் துடிப்புகளின் வீச்சு குறைந்திருப்பதை ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். கருத்தரிக்கத் தாமதமாவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று கருதுகிறார்கள். ஆக, இது ஒரே ஒரு நோயின் கதை இல்லை. ஆனாலும் மாதவிலக்கு தவறி, முட்டை வெளிவராமல், குழந்தைக்காக வரும் பருமனான பெண்களில் மிகப் பெரும்பாலோர் பிசிஓஎஸ் உள்ளவர்களே. இனி அவர்களைப் பற்றியே பேசுகிறேன்.

இவர்களுக்கு முதலில் கிடைத்த மாத்திரை குளோமிஃபீன். 1967-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்று, அரை நூற்றாண்டுக்கு உலகெங்கும் முதல் மருந்தாக இருந்தது. தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதை மிதவை உணராதபடி அது செய்துவிடும். மூளையில் ஈஸ்ட்ரோஜன் அமர வேண்டிய இடத்தில் தான் போய் உட்கார்ந்துகொள்ளும். ஈஸ்ட்ரோஜன் இல்லை என்று எண்ணிப் பிட்யூட்டரி எஃப்எஸ்எச்சைக் கூட்டும். லட்சக்கணக்கான குழந்தைகள் இந்த மாத்திரையால் பிறந்திருக்கின்றன. அதன் குறை, உடலைவிட்டு எளிதில் போகாது என்பது. வாரக்கணக்கில் தங்கிவிடும். மூளையை மறைப்பதுபோலவே கருப்பையின் உட்சவ்விலும் ஈஸ்ட்ரோஜனை மறைக்கும். முட்டை நன்றாக வளர்ந்திருக்கும், அது வந்து பதிய வேண்டிய சவ்வோ மெலிந்துகிடக்கும். முட்டை வளர்ச்சிக்காக ஒன்றுவிட்டு ஒருநாள் ஸ்கேனுக்குப் போகும் பெண்களுக்கு இது அத்துப்படி. சீட்டில் இரண்டு எண்களை எழுதுவார்கள். முட்டைப்பை எத்தனை மில்லிமீட்டர், உட்சவ்வு எத்தனை மில்லிமீட்டர். 12, 15, 18 என்று முதல் எண் ஏறும்போது இரண்டாவது எண் 5-இலேயே நின்றால் முகம் வாடிப்போகும்.

லெட்ரோசோல் வேறு வழியில் போகிறது. மிதவையைத் தொடுவதில்லை, சொட்டும் குழாயையே மூடுகிறது. அரோமடேஸ் நொதியைத் தடுத்து, கொழுப்பிலும் சினைப்பையிலும் ஈஸ்ட்ரோஜன் உருவாவதைச் சில நாட்களுக்கு நிறுத்திவைக்கிறது. மட்டம் உண்மையாகவே இறங்க, எஃப்எஸ்எச் எழுகிறது. 5 நாள் மாத்திரை முடிந்ததும் மருந்து சீக்கிரம் உடலைவிட்டு வெளியேறிவிடும். அதன் பாதி அளவு கழிய ஏறக்குறைய 2 நாள் போதும். முந்திய முட்டைப்பை ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கத் தொடங்கும்போது தடை விலகியிருக்கும், மூளை அதை உணரும், எஃப்எஸ்எச் குறையும், மற்ற பைகள் நின்றுவிடும். ஒரு முட்டை, அதற்கேற்ற உட்சவ்வு. கொழுப்பில் நடக்கும் கோளாறை அதன் இடத்திலேயே மறிக்கும் மருந்து என்பதால் பருமனான பெண்ணுக்கு இது பொருத்தமாக அமைந்தது. புற்றுநோயில் இதே மாத்திரையை ஆண்டுக்கணக்கில் தினமும் சாப்பிடுவார்கள். இங்கே மாதத்தில் 5 நாள் மட்டும்.

இந்த யோசனையை 2001-இல் வெளியிட்டவர்கள் கனடாவின் டொரோன்டோவில் இருந்த மிட்வாலி, காஸ்பர் என்ற இரு ஆய்வாளர்கள். மருந்து பலித்தது, மருத்துவர்கள் எழுதத் தொடங்கினார்கள். 2005-இல் மான்ட்ரியலில் நடந்த ஒரு மருத்துவ மாநாட்டில் அச்சமூட்டும் செய்தி ஒன்று வந்தது. லெட்ரோசோலால் கருத்தரித்துப் பிறந்த 150 குழந்தைகளில் இதயம், எலும்புக் குறைபாடுகள் சற்று அதிகம் என்றது அந்த ஆய்வு. ஒப்பிட்ட முறையில் பெரிய ஓட்டை இருந்தது. சிகிச்சை பெற்ற பெண்களின் குழந்தைகளை, எந்தச் சிக்கலும் இல்லாமல் இயல்பாகக் கருத்தரித்த இளம் தாய்மார்களின் குழந்தைகளோடு ஒப்பிட்டிருந்தார்கள். முழுக் கட்டுரையாக அது வெளிவரவே இல்லை. அடுத்த ஆண்டே கனடாவில் 911 குழந்தைகளை எடுத்துக்கொண்டு, லெட்ரோசோலையும் குளோமிஃபீனையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வு வந்தது. லெட்ரோசோலால் குறைபாடு கூடவில்லை.

அச்சம் மட்டும் தங்கிவிட்டது. 2011 அக்டோபரில் இந்திய அரசு கருத்தரிப்புச் சிகிச்சையில் லெட்ரோசோலைப் பயன்படுத்தத் தடைவிதித்தது. முறையான பரிசோதனைகளுக்கு முன்பே ஒரு புற்றுநோய் மருந்து வேறு பயனுக்காக எழுதப்படுகிறது என்ற கவலை அன்று நியாயமானதே. பிறக்கப்போகும் குழந்தையின் விஷயத்தில் அதிக எச்சரிக்கையைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் எச்சரிக்கை என்பது புதிய சான்று வந்ததும் கண்ணைத் திறந்து பார்ப்பதையும் சேர்த்ததுதான்.

அந்தச் சான்று 2014-இல் வந்தது. ரிச்சர்ட் லெக்ரோ தலைமையில் அமெரிக்காவில் பிசிஓஎஸ் உள்ள 750 பெண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு லெட்ரோசோல், மறு பிரிவுக்குக் குளோமிஃபீன் என 5 சுழற்சிவரை கொடுத்தார்கள். அவர்களின் சராசரி உடல் நிறை எண், அதாவது உயரத்தோடு ஒப்பிட்ட எடையின் அளவு (பிஎம்ஐ), 35-ஐ ஒட்டி இருந்தது. ஆகவே இது பருமனான பெண்களைப் பற்றிய ஆய்வாகவே அமைந்தது. லெட்ரோசோல் எடுத்தவர்களில் 27.5 சதவீதத்தினர் குழந்தை பெற்றார்கள், குளோமிஃபீன் எடுத்தவர்களில் 19.1 சதவீதத்தினர். இரட்டைக் குழந்தைகளும் லெட்ரோசோல் பிரிவில் குறைவாகத் தெரிந்தன, ஆனால் அந்த வேறுபாடு புள்ளியியல்படி உறுதியாகவில்லை. குழந்தைகளின் பிறவிக் குறைபாட்டில் இரு மருந்துக்கும் இடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. இந்தியாவில் தடை நீங்கியது 2017-இல். சான்று வந்தபிறகும் மூன்றாண்டு. முப்பதுகளின் நடுவில் இருந்த பெண்களுக்கு அந்த மூன்றாண்டு எவ்வளவு பெரிது என்பதை நினைத்தால் மனம் ஆறவில்லை. இன்று பன்னாட்டு பிசிஓஎஸ் வழிகாட்டுதல், முட்டை வெளிவராததால் குழந்தையில்லாத பெண்களுக்கு லெட்ரோசோலைத்தான் முதல் மருந்தாகச் சொல்கிறது.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கரு உருவான பிறகு இந்த மாத்திரை உடலில் இருக்கக் கூடாது. மாதவிலக்கு வராமலே அடுத்த சுற்று மாத்திரையைத் தொடங்குவது ஆபத்து. முதலில் கருத்தரிப்புப் பரிசோதனை செய்து, இல்லை என்று உறுதியான பிறகே விழுங்க வேண்டும். பழைய சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் வாங்கிச் சாப்பிடும் பழக்கத்தால் இங்கே பெரிய தீங்கு வரலாம்.

மெட்ஃபார்மின் பற்றி ஒரு வார்த்தை. சர்க்கரை மாத்திரையான இது இன்சுலினின் பேச்சை உடல் கேட்கும்படி செய்வதால், பிசிஓஎஸ் என்றாலே எழுதப்படுகிறது. மாதவிலக்கைச் சீராக்க உதவும், சர்க்கரை நோயின் வருகையைத் தள்ளிப்போட உதவும். குழந்தைக்கு அதை மட்டுமே நம்பியிருப்பது வீண். 2007-இல் இதே லெக்ரோவின் குழு 626 பெண்களிடம் செய்த ஆய்வில், மெட்ஃபார்மின் மட்டும் எடுத்தவர்களில் 7.2 சதவீதத்தினரே குழந்தை பெற்றார்கள். குளோமிஃபீன் மட்டும் எடுத்தவர்களில் 22.5 சதவீதம். ஓராண்டாக மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிட்டுக்கொண்டு காத்திருப்பவர் நீங்கள் என்றால், அடுத்தமுறை மருத்துவரிடம் இதைக் கேட்டுவிடுங்கள்.

மாத்திரைக்கு மசியாதவர்களுக்கு எஃப்எஸ்எச்சையே ஊசியாகப் போடலாம். எடை கூடுதலாக இருந்தால் ஊசியின் அளவும் கூடுதலாகத் தேவைப்படும், செலவும் அதற்கேற்ப ஏறும். அளவு கொஞ்சம் தப்பினாலும் பத்துப் பதினைந்து பைகள் ஒன்றாக வளர்ந்து வயிறு வீங்கி, மருத்துவமனையில் சேர்க்கும் நிலை வரும். ஆகவே குறைந்த அளவில் தொடங்கி, ஸ்கேன் பார்த்துப் பார்த்து ஏற்றுவதே முறை. முட்டை வெடிக்க ஊசி என்று நம் ஊரில் சொல்லும் எச்சிஜி ஊசி, வளர்ந்த முட்டையை வெளியேற்ற மட்டும்தான். முட்டையே வளராமல் அதைப் போட்டுப் பயனில்லை.

இத்தனைக்கும் முன்னால் கணவரின் விந்துப் பரிசோதனை முடிந்திருக்க வேண்டும். எளிய பரிசோதனை, செலவும் குறைவு. அதைச் செய்யாமல் மனைவிக்கு மட்டும் ஆறு மாதம் மாத்திரை கொடுக்கும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. மாமியார் வீட்டின் கேள்விகளுக்கெல்லாம் அவள் ஒருத்தியே பதில் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

இனி எடைக்கு வருகிறேன். தேசியக் குடும்பநல ஆய்வின் 2019-21 கணக்குப்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையிலான பெண்களில் 40.4 சதவீதத்தினர் உடல் நிறை எண் 25-ஐத் தொட்டவர்கள் அல்லது தாண்டியவர்கள். இந்திய சராசரி 24 சதவீதம். பத்துப் பெண்களில் நான்கு பேர் இப்படி இருக்கும் மாநிலத்தில், "முதலில் எடையைக் குறைத்துவிட்டு வாருங்கள், பிறகு பார்க்கலாம்" என்ற சொல் எத்தனை ஆயிரம் அறைகளில் ஒலிக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். வெளிநாட்டிலும் இதே கதைதான். நியூசிலாந்தில் அரசுச் செலவில் சோதனைக்குழாய் சிகிச்சை பெற உடல் நிறை எண் 32-க்குள் இருக்க வேண்டும். பிரிட்டனின் பல பகுதிகளில் 30-க்குள்.

இந்தச் சொல்லில் ஓர் உண்மை உண்டு. பிசிஓஎஸ் உள்ளவர்களுக்கு 5 முதல் 10 சதவீத எடை குறைந்தாலே பலருக்கு மாதவிலக்கு திரும்புகிறது, முட்டை தானாக வெளிவருகிறது. கர்ப்பகாலச் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, சிசேரியன், ரத்தம் உறைதல் ஆகியவையும் எடை கூடக் கூடக் கூடுகின்றன. எடை ஒரு பொருட்டே இல்லை என்று சொல்பவர்கள் அந்தத் தாய்க்கு நல்லது செய்யவில்லை.

ஆனால் 'முதலில் எடை, அப்புறம் சிகிச்சை' என்ற வரிசைக்குச் சான்று இருக்கிறதா? நெதர்லாந்தில் உடல் நிறை எண் 29-ம் அதற்கு மேலும் உள்ள, குழந்தையில்லாத 577 பெண்களிடம் இதைச் சோதித்தார்கள். 2016-இல் முடிவு வெளியானது. ஒரு பிரிவினர் ஆறு மாதம் உணவு, உடற்பயிற்சித் திட்டத்தில் இருந்துவிட்டு அதன்பிறகு சிகிச்சைக்கு வந்தார்கள். மறு பிரிவினருக்கு உடனே சிகிச்சை. 24 மாதத்தில் நிறைமாத, ஆரோக்கியமான ஒற்றைக் குழந்தையைச் சுகப்பிரசவத்தில் பெற்றவர்கள் முதல் பிரிவில் 27.1 சதவீதம், உடனே சிகிச்சை பெற்ற பிரிவில் 35.2 சதவீதம். எடையைக் குறைக்கக் காத்திருந்தவர்கள் பின்தங்கினார்கள். ஆனால் அந்தப் பிரிவில் சிகிச்சையே இல்லாமல் இயல்பாகக் கருத்தரித்தவர்கள் அதிகம் என்பதையும் மறைக்கக் கூடாது. அமெரிக்காவில் காரணம் தெரியாத குழந்தையின்மை உள்ள 379 பருமனான பெண்களிடம் நடந்த ஆய்விலும், சிகிச்சைக்கு முன் தீவிரமாக எடை குறைத்தவர்களுக்குக் குழந்தைப் பேறு கூடவில்லை. அவர்கள் முட்டை ஒழுங்காக வெளிவந்தவர்கள், அதனால் பிசிஓஎஸ்ஸுக்கு அந்த முடிவை அப்படியே பொருத்த முடியாது.

இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் எனக்குப் படுவது இது: எடைக் குறைப்பும் ஹார்மோன் சிகிச்சையும் ஒன்றன்பின் ஒன்றாக நிற்க வேண்டியவை அல்ல, கூடவே நடக்க வேண்டியவை. 26 வயதுப் பெண்ணுக்கு ஆறு மாதம் உணவையும் நடையையும் சரிசெய்துவிட்டு மாத்திரைக்கு வரலாம் என்று சொன்னால் அதில் அர்த்தம் உண்டு. 36 வயதுப் பெண்ணை அதே சொல்லோடு திருப்பி அனுப்பினால் அவளிடமிருந்து திரும்பக் கிடைக்காத ஒன்றைப் பறிக்கிறோம். 35-க்கு மேல் முட்டையின் தரம் இறங்கும் வேகம், எடை குறையும் வேகத்தைவிட அதிகம். அதிலும் அவள் எடை கூடியதற்கு இன்சுலின் கோளாறும் ஒரு காரணம். நோயின் விளைவையே நோய்க்குச் சிகிச்சை மறுக்கக் காரணமாக்குவது நியாயமாகாது.

இந்த இடத்துக்குப் புதிதாக வந்திருப்பவை ஜிஎல்பி-1 வகை ஊசிகள். குடல் சுரக்கும் ஹார்மோனைப்போல உருவாக்கப்பட்ட செமாகுளுடைடும் டிர்செபடைடும் எடைக்கான ஊசியாக 2025-இல் இந்தியச் சந்தைக்கு வந்தன. எடை நன்றாகக் குறைகிறது, குறையும்போது நின்றுபோன மாதவிலக்கும் சிலருக்குத் திரும்புகிறது. அங்கேதான் கவனம் வேண்டும். இனிக் குழந்தையே பிறக்காது என்று எண்ணித் தடுப்பு எதுவும் இல்லாமல் இருந்தவர்கள் எதிர்பாராமல் கருத்தரித்துவிடுகிறார்கள். கருவில் இந்த ஊசிகள் பாதுகாப்பானவை என்று நிறுவப்படவில்லை. செமாகுளுடைடைக் கருத்தரிக்கத் திட்டமிடுவதற்குக் குறைந்தது 2 மாதம் முன்பே நிறுத்த வேண்டும். டிர்செபடைடு கருத்தடை மாத்திரை உடலில் சேர்வதையும் குறைத்துவிடும். அதைத் தொடங்கும்போதும் அளவைக் கூட்டும் ஒவ்வொரு முறையும் 4 வாரம் ஆணுறையோ வேறு தடுப்போ சேர்த்துக்கொள்ள வேண்டும். எடைக்கு ஒரு மருத்துவர், குழந்தைக்கு இன்னொரு மருத்துவர் என்று பிரிந்து போகும்போது இந்தத் தகவல் நடுவில் விழுந்துவிடுகிறது. இருவரிடமும் எல்லாச் சீட்டையும் காட்டுங்கள்.

எடை மிக அதிகமானவர்களுக்கு இரைப்பை அறுவை சிகிச்சையும் ஒரு வழி. பிரிட்டனில் பிசிஓஎஸ்ஸும் பருமனும் உள்ள 80 பெண்களிடம் நடந்து 2024-இல் வெளியான ஆய்வில், அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு ஓராண்டில் நடுமதிப்பாக 6 முறை முட்டை வெளிவந்தது, மருந்துச் சிகிச்சையில் இருந்தவர்களுக்கு 2 முறை. ஆனால் அறுவைக்குப் பிறகு ஓராண்டுக்கும் மேல் கருத்தரிப்பைத் தள்ளிப்போடச் சொல்வார்கள். வயது இருப்பவர்களுக்கு அது சரி.

இதுவரை குழந்தை வேண்டும் என்பவர்களைப் பற்றித்தான் பேசினேன். குழந்தை பெற்று முடித்தவர்கள், கல்யாணமாகாதவர்கள், குழந்தை வேண்டாம் என்றிருப்பவர்கள் ஆகியோரிடம் ஒரு நினைப்பு பரவலாக இருக்கிறது. மாதவிலக்கு மூன்று நான்கு மாதம் வராவிட்டால் தொல்லை விட்டது என்று இருந்துவிடுகிறார்கள். பருமனான உடலில் இது ஆபத்தான நிம்மதி. கொழுப்பிலிருந்து வரும் ஈஸ்ட்ரோஜன் கருப்பையின் உட்சவ்வைத் தடிக்கவைத்துக்கொண்டே இருக்கும். அதைப் பக்குவப்படுத்தி வெளியேற்ற வேண்டிய புரொஜெஸ்டிரோன், முட்டை வெளிவராததால் சுரப்பதே இல்லை. மாதங்கள் ஆண்டுகளாகும்போது தடித்த சவ்வின் செல்கள் நெறிகெடத் தொடங்கும். கருப்பை உட்சவ்வுப் புற்றுநோய்க்கு உடல் பருமன் முதன்மையான காரணங்களில் ஒன்று என்பதன் பின்னால் இருப்பது இந்த வழிதான். இளம் வயதில் இந்தப் புற்றுநோய் அரிது. ஆனால் பிசிஓஎஸ் உள்ளவர்களுக்கு மற்றவர்களைவிட அபாயம் பல மடங்கு.

தடுப்பதோ எளிது. 10 முதல் 14 நாள் புரொஜெஸ்டிரோன் வகை மாத்திரை சாப்பிட்டு நிறுத்தினால் சவ்வு உதிர்ந்து ரத்தப்போக்கு வரும். ஆண்டுக்கு நான்கு முறை இப்படி உதிர்ந்தாலே பாதுகாப்பு கிடைக்கிறது. மாதந்தோறும் கருத்தடை மாத்திரை எடுப்பது இன்னொரு வழி. அதிலுள்ள ஈஸ்ட்ரோஜன் காலில் ரத்தம் உறையும் அபாயத்தைக் கூட்டும், பருமனும் அதையே செய்யும். ரத்தக்கொதிப்பு, ஒற்றைத் தலைவலி, குடும்பத்தில் ரத்தக்கட்டு வந்த வரலாறு இவற்றைக் கேட்காமல் அந்த மாத்திரையை யாரும் எழுதக் கூடாது, நீங்களாகவும் வாங்கக் கூடாது. ஈஸ்ட்ரோஜனே இல்லாத வழி வேண்டுமென்றால் லெவோநார்ஜெஸ்ட்ரல் சுரக்கும் கருப்பைச் சாதனம் இருக்கிறது. ஐந்தாண்டுக்கு மேல் உள்ளேயே இருந்து சவ்வைத் தடிக்கவிடாமல் காக்கும்.

மூன்று மாதமாக மாதவிலக்கு வரவில்லை என்றால், குழந்தை வேண்டுமோ வேண்டாமோ, முதலில் வீட்டிலேயே கருத்தரிப்புப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இல்லை என்றால் அந்த வாரமே மகப்பேறு மருத்துவரிடம் போங்கள். எடையைப் பற்றி மட்டும் பேசித் திருப்பி அனுப்பினால், உட்சவ்வு எவ்வளவு தடித்திருக்கிறது என்று ஸ்கேன் பார்த்துச் சொல்லும்படி கேளுங்கள். அதைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.